சாதாரண ஆளுக்குத் தெரிந்திருக்கும்

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர் என்று சொன்னதும், "புதுசு புதுசா கண்டுபிடிப்பெல்லாம் பார்ப்பீங்க, ஜாலியா இருக்குமே" என்பார்கள். ஜாலியாம். ஒருவன் ஒரு சாப்ட்வேரை எழுதிவிட்டு, இது உலகத்திலேயே எனக்குத்தான் முதலில் தோன்றியது, இருபது வருஷத்துக்கு வேறு யாரும் இதைத் தொடக் கூடாது என்று விண்ணப்பம் போடுவான். பாதிக்குப் பாதி சப்பை விஷயமாக இருக்கும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக நான் சம்பளம் வாங்குவது இந்த நிரூபிக்கிற வேலைக்குத்தான்.

அதற்காகச் சட்டம் ஒரு ஆளைக் கற்பனை செய்து வைத்திருக்கிறது. அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர். விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னால் உலகத்தில் வெளிவந்த அத்தனையையும் அவர் படித்திருப்பார், ஆனால் சொந்தமாக ஒரு துளி யோசனை வராது. எங்கள் சொந்தக்காரர்களிலேயே இப்படி நாலு பேர் இருக்கிறார்கள். நான் அவருக்கு நம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். நம்மாளுக்கே இது தோன்றியிருக்கும் என்று காட்டிவிட்டால் விண்ணப்பம் காலி. பழைய ஆவணங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி வேண்டும். அப்புறம், அந்தத் துண்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க நம்மாளுக்கு என்ன அவசியம் வந்தது என்றும் சொல்ல வேண்டும். அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வோம்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு இரண்டு விஷயம் வந்தது. ஒன்று, மேஜைக்கு வந்த விண்ணப்பம். இன்னொன்று, போனில் வந்த என் தம்பியின் செய்தி.

"அக்கா, வெள்ளிக்கிழமை கிளம்பறேன். மூணு மணிக்கு வண்டி வரும். அதுவரைக்கும் வீட்லதான் இருப்பேன்."

தம்பி லிப்ட் மெக்கானிக். வெளிநாட்டில் ஐந்து வருஷ ஒப்பந்தம் கிடைத்திருப்பதாகவும், மனைவியும் மகளும் போன வாரமே போய்விட்டதாகவும் பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு மாதமாக நாங்கள் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் நான் எழுதிய ஒரு கடிதம்.

அப்பா அவன் வீட்டில்தான் இருந்தார். கடைசி ஒரு வருஷம் அவருக்கு ஞாபகம் குழம்பிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி வேலைக்குப் போயிருந்தபோது, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நாலு மணி நேரம் வெயிலில் அலைந்து, யாரும் தெரியாத தெருவில் விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரி பைலைத் தம்பியிடம் கேட்டு வாங்கினேன். உட்கார்ந்து எழுதினேன், அலுவலகத்தில் ஆட்சேபக் கடிதம் எழுதுகிற அதே பாணியில். ஒன்று, டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. இரண்டு, காலையில் போகிற பால் பூத்துக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நின்றது. இப்படிப் பதினொரு அறிகுறி, எண் போட்டு. கடைசி வரி: "இத்தனையும் உன் கண் முன்னால் நடந்திருக்கிறது. எந்தச் சாதாரண ஆளுக்கும் தெரிந்திருக்கும்."

அவன் பதில் போடவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஆட்சேபத்துக்குக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால், விண்ணப்பதாரர் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒப்புக்கொண்டுவிட்டான், வாயைத் திறக்க முடியவில்லை என்று.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். நேரம் பார்த்து வந்தது சனியன். வயதானவர்களின் போனில் இருந்துகொண்டு அவர்களைக் கவனிக்கிற சாப்ட்வேர். ஒரே நம்பருக்குத் திரும்பத் திரும்ப அழைப்பது, வழக்கமில்லாத நேரத்தில் வெளியே போவது, போனைத் திறக்கிற எண்ணைத் தப்புத் தப்பாகப் போடுவது. இதில் ஏதாவது ஒன்று மட்டும் நடந்தால் சும்மா இருக்கும். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தால் குடும்பத்தில் எல்லோருக்கும் தகவல் அனுப்பும். அவ்வளவுதான். இதற்கு இருபது வருஷ உரிமை வேண்டுமாம்.

படித்து முடித்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதில் என்ன புதுசு இருக்கிறது, இது பெற்றவர்களை வைத்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே, தெரியாதவன் என் தம்பி ஒருத்தன்தான் என்று மனசுக்குள் கத்தினேன். ஒரே நாளில் மூன்று ஆவணம் பிடித்தேன். திருட்டுப் போன போனை, அழைப்புகள் மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கிற பழைய கட்டுரை. வழி தவறுகிற முதியவர்கள் எங்கே போகிறார்கள் என்று போன் வழியாகப் பார்க்கிற ஆராய்ச்சி. திறப்பு எண்ணை எத்தனை தடவை தப்பாகப் போட்டார்கள் என்று எண்ணுகிற ஒரு சின்ன நிரல். மூன்றுக்கும் தேதி சரியாக இருந்தது. புதன்கிழமை காலையில் மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

அவரை நாங்கள் தேதி சார் என்போம், அவர் இல்லாதபோது. எதைக் கொண்டுபோனாலும் "தேதி என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் அச்சடித்த தேதியைத்தான் பார்ப்பார் என்று ஒரு பேச்சு உண்டு.

அன்றைக்குத் தேதியில் குறை சொல்லவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு துண்டும் இருக்கும்மா. எதுக்காக ஒண்ணா சேர்க்கணும்?"

"பார்த்தாலே தெரியுதே சார்."

"எதைப் பார்த்தா?"

விண்ணப்பத்தை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"அதான்," என்றார். "விடையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கணக்குப் போட்டிருக்கீங்க. தேடின வார்த்தைங்களைப் பாருங்க, எல்லாம் அவன் விண்ணப்பத்துலேருந்து எடுத்தது. அவன் சொன்னப்புறம், அவன் சொன்னதையே பொறுக்கி, 'இது முன்னாடியே தெரிஞ்சதுதான்'னு அவன்கிட்டயே சொல்றீங்க. இது பின்புத்தி. மேல்முறையீட்டுல நிக்காது. போன வருஷம் ரெண்டு போச்சு உங்களுது. இதுவும் போனா உங்களை இந்தப் பிரிவுல வெச்சுக்க என்னால முடியாது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடிதம் போயாகணும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், குடிக்காமலே திரும்பினேன். மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். பக்கத்து மேஜைக்காரி, "என்ன, காலுக்கடியில நெருப்பா?" என்று கேட்டாள். அவளிடமும் வள்ளென்று விழுந்தேன்.

அவன் சொன்னதையே பொறுக்கி அவனிடமே. இந்த வார்த்தைதான் போட்டு அரித்தது. என் கடிதத்தில் இருந்த பதினொரு அறிகுறியும் எனக்கு எங்கிருந்து கிடைத்தன? ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி அழுதுகொண்டே சொன்னவை. "உப்பு போட்டாருக்கா, நான் சிரிச்சுட்டேன். நாலு மணிக்குப் பால் பூத்துல நின்னாருக்கா, பொழுது போகலைன்னு நினைச்சேன்." அவன் வாயால் வந்ததைத்தான் எண் போட்டு அவனுக்கே அனுப்பியிருக்கிறேன். இது தோன்றியதும் உடனே தள்ளிவிட்டேன். வேலை வேறு, வீடு வேறு.

வியாழக்கிழமை முழுக்கத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்று மணிக்கு, ஐந்தாம் முறையாக விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வரியில் கண் நின்றது. ஏதாவது ஒன்று மட்டும் என்றால் பொருட்டில்லை, மூன்றும் ஒரே வாரத்தில் என்றால் கவனிக்க வேண்டும். இதை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இல்லை. காகிதத்தில், பெரிய எழுத்தில்.

பர்மிஷன் போட்டுவிட்டு அரக்கப் பரக்க வீட்டுக்கு ஓடினேன். பீரோவின் அடித்தட்டில் அப்பாவின் பைல் இருந்தது. கடிதம் எழுதும்போது இதை ஒவ்வொரு தாளாகப் புரட்டியவள்தான் நான். தம்பிக்கு எதிராக என்ன கிடைக்கும் என்று பார்த்துப் புரட்டினேன், அதனால் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் ரசீதுக்குப் பின்னால் அது இருந்தது. மஞ்சள் நிறத்தில் நாலாக மடித்த ஒரு துண்டுப் பிரசுரம். "வீட்டில் பெரியவர் இருக்கிறாரா? கவனியுங்கள்." ஒன்று, ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்வது. இரண்டு, நேரம் கெட்ட நேரத்தில் வெளியே கிளம்புவது. மூன்று, பழகிய வேலையில் தடுமாறுவது. ஒன்று மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். மூன்றும் ஒரே வாரத்தில் என்றால் குடும்பத்தில் எல்லோரும் கலந்து பேசி மருத்துவரிடம் வாருங்கள். கீழே ஆஸ்பத்திரியின் பெயர், அச்சடித்த மாதம், வருஷம். விண்ணப்பத்துக்கு ஒன்றரை வருஷம் முந்தியது.

அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் குதிக்காத குறைதான். மூன்று துண்டையும் சேர்க்க நம்மாளுக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? தேதி சாரின் முகத்தைக் கூட நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்புறம் தாளைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் என் கையெழுத்து. கண்ணாடிக் கடையின் ஆர்டர் நம்பர், அதன் கீழே தேதி.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனது ஒரே ஒரு தடவை. தம்பிக்கு லீவு கிடைக்காத அன்று, கண் பிரிவுக்கு. வெளியே வரும்போது ஒரு நர்ஸ், வயதானவர்களோடு வந்த எல்லார் கையிலும் ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "படிச்சுப் பாருங்கம்மா" என்றாள். படித்தேன். படித்துவிட்டு, ஆர்டர் நம்பர் எழுத வேறு தாள் இல்லாததால் அதன் முதுகில் எழுதி, ரசீதோடு அப்பாவின் பைலில் செருகினேன்.

முதல் வரிக்கு மறுபடியும் போனேன். திரும்பத் திரும்பப் போன். அப்பா கடைசி மாதங்களில் காலை பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணுவார். "கண்ணாடி வந்துடுச்சாம்மா?" என்பார். அந்தக் கண்ணாடி வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அது உங்க மூக்கு மேலதான்ப்பா இருக்கு" என்பேன். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் வரும். அவர் காணாமல் போவதற்கு முந்தின அந்தக் கடைசி வாரம் ஒரே காலையில் நாலு தடவை. மூன்றாவது அழைப்புக்கு அப்புறம் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு மீட்டிங் போனேன். மத்தியானம் கேண்டீனில் இதை ஒரு ஜோக்காகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

உப்புப் போட்ட டீயும் அதே வாரம்தான். நாலு மணிப் பால் பூத்தும் அதே வாரம்தான். இரண்டு அவனிடம் இருந்தது, ஒன்று என்னிடம் இருந்தது. என் பதினொன்றில் அந்த ஒன்று இல்லை.

இரவு எப்படியோ கழிந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே தேதி சாரின் மேஜை மேல் மஞ்சள் தாளை வைத்தேன்.

"தேதி என்ன?" என்றார். காட்டினேன். "அச்சடிச்ச தேதி சரி. அன்னிக்கு இது ஜனங்க கைக்குப் போச்சுன்னு என்ன ஆதாரம்? அச்சடிச்சு அலமாரியில வெச்சிருந்தா செல்லாது."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அத்தாட்சிக் கடிதம் தர பத்து வேலை நாள் ஆகும் என்றார்கள். தேதி சார் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"உங்களுக்கே குடுத்தாங்களா? அப்ப எதுக்கு அலையறீங்க? நீங்களே ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்குன்னு வாசகம் இருக்கு."

அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். வெளிச் சாட்சிகளிடம் எத்தனையோ தடவை எழுதி வாங்கியிருக்கிறேன். தட்டச்சு செய்தேன். இந்தப் பிரசுரத்தை மேற்கண்ட தேதியில் நான் நேரில் பெற்றேன். இது எனக்கு மட்டும் அல்லாமல் வந்திருந்த அனைவருக்கும் வழங்கப்பட்டது. இதைப் படிக்கவும் புரிந்துகொள்ளவும் எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

மூன்றாவது வரியில் இரண்டு தடவை நிறுத்தினேன். நிறுத்தி என்ன ஆகப்போகிறது? பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

"நல்ல ஆட்சேபம்மா," என்றார் தேதி சார். பதினெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. "இதுக்கு அவன் என்ன பதில் சொல்லிடுவான்?" என்றார்.

உறுதிமொழியிலும் மஞ்சள் தாளிலும் ஒவ்வொரு நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது பஸ். டிரைவரைத் திட்டினேன், முன்னால் போன லாரியைத் திட்டினேன். போனால் கதவைச் சாத்துவானோ என்று ஒரு பயம். சாத்தினாலும் தப்பில்லை என்று இன்னொரு நினைப்பு. பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். போய்ச் சேரும்போது மணி இரண்டு.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள். தம்பி முழங்காலில் நின்று ஒன்றுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். இளைத்திருந்தான். "வாக்கா" என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

நான் பேச ஆரம்பித்தால் குழறும் என்று தெரியும். காகிதத்தை நீட்டினேன், மஞ்சள் தாளின் நகலையும் சேர்த்து. நின்றபடியே படித்தான். மெதுவாகப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இது எனக்குத் தெரியும்க்கா."

"எது?"

"இந்த மஞ்சப் பேப்பர். அப்பா போன அடுத்த வாரம் பைலைப் புரட்டினப்ப பார்த்தேன். பின்னாடி உன் கையெழுத்து இருந்துச்சு. அப்புறம்தான் நீ பைலைக் கேட்டே."

"அப்ப என் லெட்டர் வந்தப்ப உன்கிட்ட பதில் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே சொன்னான். "பைலைக் கொடுக்கறப்ப எடுத்துடலாமான்னு பார்த்தேன். எடுத்தா நான் மறைச்ச மாதிரி ஆயிடும். எடுத்துக் காட்டினா உன்னைக் குத்தின மாதிரி ஆயிடும். இருந்த இடத்துலயே வெச்சுட்டேன். நீ அப்பவே அவ்வளவு அழுதுட்டிருந்தே."

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் மன்னித்துவிட்டான், நான் அழுதுவிட்டு, பெட்டி கட்ட உதவிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரியாதது ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் இவனை ஐந்து வருஷத்துக்கு அனுப்பினால் நான் மனுஷியே இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குடா," என்றேன். போன்களைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி வந்துடுச்சாம்மா. கடைசி வாரம், ஒரே காலையில் நாலு தடவை. சத்தமில்லாமல் வைத்தது. கேண்டீனில் சிரித்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

அவன் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தான். எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடித்தது.

"உப்பு போட்டாருன்னு நான் அப்பவே உன்கிட்ட சொல்லலை," என்றான் கடைசியில். "நீ கத்துவேன்னு சொல்லலை. ஆனா போன் விஷயம்… என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம்."

"நான் லீவு போட்டிருப்பேன் அந்த ஞாயித்துக்கிழமை."

"ஆமாண்டா."

அப்புறம் அழுதான். எட்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதான். என் மேல் அவனுக்குக் கோபம் வந்திருந்தது, முகத்தில் தெரிந்தது. வரட்டும். எட்டு மாதமாக அவன் ஒருத்தனே தூக்கியதை நானும் ஒரு பக்கம் பிடித்தேன், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குத்தான் தைரியமாக அழ முடிந்தது.

வண்டி மூன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. பெட்டிகளை இரண்டு பேருமாக ஏற்றினோம். அவன் என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, முறைத்துக்கொள்ளவும் இல்லை. சாவியை என் கையில் கொடுத்து, "வீட்டுக்காரர் வந்தா கொடுத்துடு," என்றான். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்."

"எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணு," என்றேன்.

வண்டி திரும்பிப் போனதும் காலி வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல், கீழே கிடந்த டேப் துண்டுகளைப் பொறுக்கினேன். ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது.

"விமானத்துல ஏறப் போறேன்க்கா."

"சரிடா, பத்திரமா போ."

வைத்துவிட்டான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், மறுபடியும் அடித்தது. அவனேதான். குரல் கரகரத்திருந்தது, ஆனால் அதில் பழைய குறும்பும் கொஞ்சம் இருந்தது.

"அக்கா, ஏறப் போறேன்னு சொன்னேனா?"

"இல்லையேடா," என்றேன். "சொல்லு."